ஸ்பிட்ஸ் நாட்குறிப்பு: டான்யூப் கரையில் ஒரு திராட்சை ஊர்

4 அக்டோபர் 2025

கிரெம்ஸிலிருந்து ஏறிய பஸ் ஆற்றங்கரையை விட்டு விலகவே இல்லை. இடப்பக்கம் டான்யூப். வலப்பக்கம் கல் சுவர்கள் அடுக்கடுக்காக ஏறிப்போகும் மலைச்சரிவு, ஒவ்வொரு அடுக்கிலும் திராட்சைக் கொடிகள். மெல்க் ஊரிலிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 35 கிலோமீட்டர் நீளும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். ஏறக்குறைய அதன் நடுவில் இருக்கிறது ஸ்பிட்ஸ். கீழ் ஆஸ்திரியா மாநிலத்தைச் சேர்ந்த சிற்றூராட்சி. மக்கள்தொகை 1,600 சுற்றி.

போகிற போக்கில் பார்த்தால் ஆறு ஏதோ சாதுவாக ஓடுவது போலத்தான் தெரியும். உண்மையில் இங்கே அது போஹீமியப் பாறைத்திட்டின் தென்விளிம்பை அறுத்துக்கொண்டு போகிறது. தென்கரையில் தெரியும் டுங்கெல்ஷ்டைனர் காடு வடகரை மலைகளோடு ஒரே பாறையாக இருந்தது. ஆறுதான் அதைத் தனியாகத் துண்டித்திருக்கிறது. ஊருக்குப் பின்னால் யாவர்லிங் மலை 960 மீட்டர். ஆற்றங்கரையோ கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல். சில கிலோமீட்டருக்குள் இவ்வளவு ஏற்றம்.

இந்த உயர வித்தியாசம் இல்லையென்றால் இங்கே இப்படி ஒயின் கிடைக்காது. பகலில் கிழக்கேயுள்ள ஹங்கேரியச் சமவெளியின் வெப்பக்காற்று பள்ளத்தாக்கு வழியாக மேலேறி வருகிறது. இரவானதும் வடக்கே வால்ட்ஃபியர்டெல் மேட்டுநிலத்தின் குளிர்ந்த காற்று பக்கவாட்டுப் பள்ளங்கள் வழியாக இறங்குகிறது. பகலில் பழம் பழுக்கும், இரவில் அதன் புளிப்பும் மணமும் கெடாமல் நிற்கும். பள்ளத்தாக்கில் திராட்சை விளையும் பகுதியின் மேற்குக் கோடிப் பக்கம் ஸ்பிட்ஸ் இருப்பதால் கிழக்கேயுள்ள லோய்பெனைவிடக் குளிர் அதிகம். அறுவடையும் அங்கே முடிந்த பிறகுதான் இங்கே சூடுபிடிக்கிறது.

வியன்னாவில் வேலை பார்க்க வந்ததிலிருந்து இந்த ஊரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த முறை பொறுமையாகத் தங்கிப் பார்க்கப் போகிறேன்.

5 அக்டோபர்

காலை முழுவதும் படகுத்துறையில்தான் இருந்தேன். எதிர்க்கரை அர்ன்ஸ்டார்ஃபுக்குப் போகும் படகு இது. கார் ஏற்றுகிறார்கள், சைக்கிள் ஏற்றுகிறார்கள். ஆனால் தள்ளிச் செல்ல இன்ஜின் இல்லை.

ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் இரும்பு வடம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதில் உருளும் கப்பியோடு படகு கம்பியால் பிணைந்திருக்கிறது. படகுக்காரர் சுக்கானைத் திருப்பி, படகை நீரோட்டத்துக்குக் கொஞ்சம் சாய்வாக நிறுத்துகிறார். ஓடிவரும் தண்ணீர் படகின் பக்கத்தில் மோதித் தள்ளுகிறது; அடித்துக்கொண்டு போகாமல் கம்பி இழுத்துப் பிடிக்கிறது; படகு குறுக்கே நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். திரும்பி வரும்போது சாய்வை மாற்றினால் போதும். சத்தமே இல்லை, விலாவில் தண்ணீர் உரசுவது மட்டும் கேட்கும்.

அக்கரையில் பாஹ்அர்ன்ஸ்டார்ஃப் வரை நடந்தேன். அங்கே 4ஆம் நூற்றாண்டின் ரோமானியக் காவல்கோபுரச் சுவர் வீடுகளுக்கு நடுவே இன்றும் உயரமாக நிற்கிறது. டான்யூப் அன்று ரோமப் பேரரசின் வடஎல்லை. அதாவது கோபுரம் நின்ற கரை பேரரசு; இப்போது நான் தங்கியிருக்கும் ஸ்பிட்ஸ் பக்கம் வெளியாட்களின் நிலம்.

7 அக்டோபர்

இன்று அறுவடை பார்க்க மேலே போனேன். தங்கியிருக்கும் வீட்டு அம்மாவின் உறவினர்களுக்கு ஸிங்கர்ரீடெல் சரிவில் சிறு துண்டு நிலம் இருக்கிறது. ‘கூடை தூக்கத் தெம்பு இருந்தால் வா’ என்றார்கள். போனேன்.

இந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது. குலையை ஒரு கையில் பிடித்து, மறுகையில் சிறு கத்தரிக்கோலால் காம்பை நறுக்கி, அழுகிய மணி இருந்தால் அங்கேயே கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறார்கள். பறிப்பது க்ரூனர் ஃபெல்ட்லினர் என்ற வெள்ளை ரகம். ரீஸ்லிங் இன்னும் கொடியில்தான் இருக்கிறது, அது கடைசியில்.

என் கண்ணெல்லாம் சுவர்களின் மேல். சிமெண்டோ சுண்ணாம்போ ஒரு கரண்டிகூட இல்லை. கீழ்வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் அடுத்த கல் உட்கார வேண்டும். முகப்பு மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் சின்னக் கற்களைக் கொட்டி நிரப்ப வேண்டும். மழைத்தண்ணீர் அந்த இடுக்குகள் வழியே வடிந்துவிடும். பூசிப் போட்டிருந்தால் பின்னால் நீர் தேங்கி, மண் கனத்து, சுவரையே தள்ளிச் சாய்த்துவிடும். பகலில் கல் வெயிலை வாங்கிக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. இடுக்குகளில் பச்சைப் பல்லிகள் குடியிருக்கின்றன.

ஒரு இடத்தில் இரண்டு ஆள் அகலத்துக்குச் சுவர் சரிந்து கிடந்தது. அந்த வீட்டுப் பெரியவர் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ‘வெளியே காட்டுவதற்கு அழகான முகம் தேடக்கூடாது, உள்ளே நீளமாகப் போகும் கல்லைத் தேடு’ என்றார். அழகான முகத்தைத் தேடிக்கொண்டிருந்த நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நீளமான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

இந்தக் கலையை கிரெம்ஸில் வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். சாந்தில்லாமல் கற்சுவர் கட்டும் அறிவை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2018இல் சேர்த்தது. 2024இல் ஆஸ்திரியாவும் அதில் இடம்பெற்றது. வாஹாவை ‘இயற்கை அழகு’ என்று சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த மலையின் வடிவம் ஆட்கள் கை வைத்து உண்டாக்கியது. ஒரு தலைமுறை கை வைக்காமல் விட்டால் சரிந்துவிடும்.

8 அக்டோபர்

மழை. அறுவடை இல்லை. முதுகு வலி. கடையில் ஷ்டுர்ம் வாங்கினேன், பாதி நொதித்த திராட்சைச்சாறு. நொதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பாட்டிலை இறுக்கி மூடாமல்தான் தருகிறார்கள்.

9 அக்டோபர்

புனித மௌரிஷியஸ் கோயிலுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டது: பீடமிருக்கும் பகுதி நடுக்கூடத்தோடு நேர்கோட்டில் இல்லை, ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஆர்கன் மாடத்தின் முகப்பில் இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் மரச்சிற்பங்களாக வரிசையில் இருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு வேலை. வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் புனிதரின் பெயர்தான். பவேரியாவில், டான்யூபின் மேல்பகுதியில், நீடர்ஆல்டைஹ் என்று ஒரு மடம் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதன் காவல் புனிதரும் இதே மௌரிஷியஸ். தற்செயல் இல்லை, ஸ்பிட்ஸ் அந்த மடத்தின் சொத்தாக இருந்தது. ஃபிராங்கிய மன்னர் சார்லமேன் 791இல் ஆவார் என்ற இனத்தாருக்கு எதிராக டான்யூப் வழியாகப் படையெடுத்தார். அந்தப் போர்கள் முடிந்ததும் இந்தப் பள்ளத்தாக்கு நிலங்கள் பவேரிய மடங்களுக்கும் ஆயர்களுக்கும் தானமாகப் போயின. எதிர்க்கரை அர்ன்ஸ்டார்ஃப் ஊர்கள் ஸால்ஸ்பர்க் பேராயருக்கு. லோய்பெனில் டேகெர்ன்ஸே மடம்.

ஏன் இவ்வளவு தூரத்தில் நிலம்? பவேரிய மலையடிவாரக் குளிரில் நல்ல திராட்சை விளையாது. பூசைக்கும் ஒயின் வேண்டும், மடத்துச் சாப்பாட்டுக்கும் வேண்டும், விற்கவும் வேண்டும். ஆகவே விளையும் இடத்தில் நிலம் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மடமும் ஊரில் ஒரு பெரிய முற்றவீடு கட்டியது: பழத்தைக் கொண்டுவந்து பிழிந்து பீப்பாயில் அடைக்கும் இடம். நீடர்ஆல்டைஹின் வீடு எர்லாஹோஃப். இன்று அதில் டான்யூப் கப்பல்போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது.

கோயிலிலிருந்து நேரே அங்கேதான் போனேன். பீப்பாய்கள் மேற்கே பவேரியாவுக்குப் போக வேண்டும், ஆறோ கிழக்கே ஓடுகிறது. என்ன செய்வது? கரையோரம் குதிரைகளைப் பூட்டி, வடம் கட்டி, படகுகளை எதிரோட்டத்தில் இழுத்தார்கள். பெரிய வரிசை என்றால் பல டஜன் குதிரைகள். மாதிரிப் படகுகளையும் குதிரை வரிசைகளையும் சிறிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். குதிரைகளின் மேல் ஆட்கள். குதிரை ஆற்றில் விழுந்தால் ஆளும் போனான். 1837இல் வியன்னாவுக்கும் லின்ஸுக்கும் இடையே நீராவிக்கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அந்தத் தொழில் தேய்ந்து மறைந்தது. ரயில் இந்தக் கரைக்கு 1909இல்தான் வந்தது.

மடத்தின் உரிமை 1803 வரை நீடித்தது. மடம் கலைக்கப்பட்டதும் போயிற்று. ஆக இந்த மலையில் கொத்திக் கட்டியவர்கள் ஸ்பிட்ஸ்காரர்கள். முதல் பீப்பாய் எப்போதும் வேறு யாருடையதோ. அரசர்கள் பெயரைவிட இதுதான் இந்த ஊரின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

11 அக்டோபர்

வெயில் திரும்பிவிட்டது. சிவப்பு வாசல் என்று அழைக்கப்படும் பழைய மதில் வாசலுக்கு ஏறினேன். மிச்சமிருப்பது ஒரு வளைவுதான். 1645இல், முப்பதாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், டோர்ஸ்டென்ஸன் தலைமையில் ஸ்வீடன் படை இந்தப் பள்ளத்தாக்கில் புகுந்தது. அந்தப் பெயரை அன்று சிந்திய ரத்தத்தோடு சேர்த்து ஊரில் சொல்கிறார்கள்.

வளைவு வழியாகப் பார்த்தால் ஊர் முழுதும் தெரிகிறது. நடுவில் கொடிகள் மூடிய ஆயிரம் வாளி மலை: நல்ல ஆண்டில் ஆயிரம் வாளி ஒயின் தருமாம். ஆஸ்திரியப் பழைய அளவில் ஒரு வாளி சுமார் 56 லிட்டர், ஆக 56,000 லிட்டர். எதிர்ப்புறம் பாறை முனையில் ஹின்டர்ஹவுஸ் கோட்டையின் இடிபாடு.

பக்கத்து ட்யூர்ன்ஷ்டைனுக்குத்தான் கூட்டமெல்லாம். 1192 இறுதியில் பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் அங்கே சிறையிருந்தார் என்பதால். ஸ்பிட்ஸுக்கு அப்படி ஒரு கைதி இல்லை. இருந்திருந்தால் இந்த வளைவில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது.

12 அக்டோபர்

மாலை ஹொய்ரிகரில். திராட்சை விவசாயி தன் முற்றத்திலேயே தன் ஒயினையும் ரொட்டி, இறைச்சி, சீஸ் போன்ற ஆறிய உணவையும் விற்கும் இடம். பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1784இல் பிறப்பித்த ஆணையிலிருந்து வரும் உரிமை. வாசலில் பச்சைக் கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

பேச்சு தானாகவே 1985க்குப் போனது. அந்த ஆண்டு ஆஸ்திரிய ஒயின் வியாபாரிகள் சிலர் இனிப்பும் கனமும் கூட்டிக் காட்ட டைஎதிலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைக் கலந்தது அம்பலமானது. ஏற்றுமதி ஒரேயடியாக விழுந்தது. கடுமையான சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1983இல், வாஹாவ் விவசாயிகள் வினேயா வாஹாவ் என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஸ்பிட்ஸின் ஃபிரான்ஸ் ஹிர்ட்ஸ்பெர்கர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். சர்க்கரை சேர்க்கக்கூடாது, பழம் இங்கேயே விளைந்திருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். லேசான ஒயின் ஷ்டைன்ஃபெடர், 11.5 சதவீத ஆல்கஹால் வரை. நடுத்தரம் ஃபெடர்ஷ்பீல், 12.5 வரை. நன்றாகப் பழுத்ததில் செய்வது ஸ்மாரக்ட். சுவர் இடுக்குகளில் நான் பார்த்த அந்தப் பச்சைப் பல்லியின் பெயர்.

13 அக்டோபர்

வீட்டு அம்மாவோடு காலை வெகுநேரம் பேச்சு. அவருடைய இளமைக்காலத்தில் இந்த ஊரைப் பிரித்த விஷயம் அணைதான்.

மேல்பக்கம் மெல்கில் நீர்மின் நிலையம், 1982இல் முடிந்தது. கீழ்ப்பக்கம் ஆல்டென்வ்யோர்ட், 1976. இரண்டுக்கும் நடுவே ட்யூர்ன்ஷ்டைன் பக்கத்தில் இன்னொன்று கட்டும் திட்டம் இருந்தது. கட்டியிருந்தால் வாஹாவ் முழுவதும் தேங்கிய நீர்த்தேக்கம். உள்ளூர் மக்கள் 1970களிலேயே எதிர்த்துக் கூடினார்கள். 1980களில் திட்டம் கைவிடப்பட்டது. 1994இல் ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்புப் பட்டயம், 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம். ஆஸ்திரியாவில் டான்யூப் தடையின்றி ஓடுவது இன்று இரண்டு இடங்களில்தான்: இங்கேயும், வியன்னாவுக்குக் கீழேயும்.

அன்று அணை வந்திருந்தால் அந்தப் படகு ஓடாது. அதைத் தள்ள நீரோட்டம் இருந்திருக்காது.

ஓடும் ஆறு வெள்ளமும் கொண்டுவரும். 2002, 2013, போன ஆண்டு செப்டம்பர் என்று பள்ளத்தாக்கு மூழ்கிய ஆண்டுகளை அவர் தேதியோடு சொன்னார். ‘சேற்றை வழித்துக் கழுவலாம், தேங்கிய ஆற்றை என்ன செய்ய?’ என்றார். நான் அவர் பக்கம்தான்.

14 அக்டோபர்

ஸ்பிட்ஸர் கிராபென் வழியாக மேற்கே நடந்தேன். டான்யூபிலிருந்து விலகி மலைக்குள் நுழையும் ஒடுங்கிய பக்கப் பள்ளத்தாக்கு. பாறை மாறுகிறது: காலடியில் அப்பிரகம் மினுங்கும் தகட்டுப் பாறை, விரலால் பிரித்தால் உரியும். குளிரும் கூடுகிறது.

மேலே போகப்போகக் காட்டுக்குள்ளேயே அடுக்குச் சுவர்கள் தெரிந்தன. கொடி இல்லை, சுவரைப் பிளந்துகொண்டு மரங்கள். உழைப்புக்கு விலை கட்டுப்படியாகாமல் கைவிட்டவை. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே மரத்தை வெட்டிச் சுவரைத் திருப்பிக் கட்டிய துண்டுகளும் இருக்கின்றன. கல்லின் நிறமே புதிதாக இருக்கிறது. கோடை சூடாகிவரும் இந்தக் காலத்தில், பழம் பழுக்காது என்று ஒதுக்கப்பட்ட இந்தக் குளிர்ந்த மேட்டைத் தேடி இளம் விவசாயிகள் வருகிறார்கள். பாட்டன்மார் விட்டுப்போன சரிவு பேரன்மாருக்கு நல்ல நிலமாகிவிட்டது.

ஒரு துண்டில் ரீஸ்லிங் இன்னும் பறிக்காமல் தொங்கியது. வேலை செய்துகொண்டிருந்தவர் ஒரு மணியைப் பறித்துக் கொடுத்தார். தோல் கடினம், புளிப்பு நாக்கில் ஏறியது. ‘இன்னும் இரண்டு வாரம்’ என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். நான் பாதையைப் பிடித்து ம்யூல்டார்ஃப் வரை போய், ஓபர்ரன்னா கோட்டையையும் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஸ்பிட்ஸ் வந்தேன்.