கருப்பு லாகர்: ஈரோட்டு நாட்குறிப்பு

2025 ஜனவரி 20, திங்கள்

கரூர் மச்சான் பிராங்க்பர்ட்டிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சி ஜனவரியில் வருவதால், பொங்கலுக்கு அவர் ஊரில் இருப்பது அபூர்வம். கரூர் ஏற்றுமதிக்காரர்கள் பல பேருக்கு இதே கதைதான். இந்த முறை கண்காட்சி முடிந்ததும் ரயிலேறி பாம்பெர்க் போயிருக்கிறார். அங்கே பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன ப்ரூவரியில், அதாவது பீர் ஆலையில், எனக்காக டுங்கெல் என்ற கருப்பு லாகர் பீர் வாங்கி வந்திருக்கிறார். அரை லிட்டர் பாட்டில், நாலு. தீர்வை கட்டாமல் 2 லிட்டர்தான் கொண்டுவர முடியும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு பாட்டிலையும் சாம்பிள் டவலில் இறுக்கிச் சுருட்டி, பெட்டியின் நடுவில் வைத்திருந்தார். ஒரு சொட்டுக்கூட சிந்தவில்லை.

"மாப்ளை, கிக்குன்னு ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. ருசிக்குக் குடிக்கறதுங்க இது" என்று சொல்லிக் கொடுத்தார். மச்சானைப் போல விஷயம் தெரிந்து வாங்கி வருகிறவர் அமைவது கொடுப்பினை.

ஜனவரி 21, செவ்வாய்

நாலையும் ஃபிரிட்ஜில் நிற்க வைத்திருக்கிறேன். படுக்க வைக்கக் கூடாது. வடிகட்டாத பீர் என்பதால், அதைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் அடியில் படிய வேண்டும். வெயிலும் படக் கூடாது. வெளிச்சம் பட்டால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சத்து கெட்டு ஒரு நாற்றம் வரும், பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பதே அதற்காகத்தான்.

லேபிளில் தண்ணீர், பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஹாப்ஸ், ஈஸ்ட். வேறு எதுவும் இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றையும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை; அது ஓர் உயிர் என்பதை அன்றைக்கு யாரும் அறிந்திருக்கவில்லை. நம் ஊரில் கிடைக்கும் பல பீர்களில் அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேரும், விலை குறையும், பீரின் கனமும் குறையும்.

ஆல்கஹால் 5.1 சதவீதம். நம் கடைகளில் ஸ்ட்ராங் என்று விற்பது 8 வரை போகும்.

ஜனவரி 25, சனி

இன்றுதான் முதல் பாட்டில். திருச்செங்கோட்டுப் பங்காளி வந்திருந்தார். போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர், ஸ்ட்ராங் தவிர வேறெதையும் தொடமாட்டார். பாட்டிலைப் பார்த்ததும், "இத்தனை கருப்பா இருக்குதே, அடிச்சா தூக்கிருமா?" என்றார். கருப்பு என்றால் கனம், கசப்பு, போதை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த எண்ணத்தைக் கலைக்கத்தான் அவரைக் கூப்பிட்டேன்.

பாதியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயே ஊற்றினேன். கடையில் காப்பிக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரை முக்கினால் 5 டிகிரி. மணமே இல்லை. சில்லென்று இறங்கியது, அவ்வளவுதான். மீதிப் பாதியைக் கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்து, 10 டிகிரிக்கு வந்ததும் ஊற்றினோம். அது வேறு பீர்!

முதலில் நிறம். மேசையில் இருக்கும்போது கருப்பு. ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரமெல்லாம் மாதுளைச் சிவப்பு. நுரை வெள்ளையாக இல்லை, லேசான பழுப்பு, சீக்கிரம் அடங்கவும் இல்லை. குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு நின்றது.

மணத்தில் ரொட்டியின் மேல்தோல் முன்னால் வருகிறது. பின்னால் வறுத்த முந்திரி, கொஞ்சம் கோகோ. வாயில் வைத்ததும் இனிப்பு என்று தோன்றும், ஆனால் விழுங்கும்போது அந்த இனிப்பு நிற்பதில்லை. ஹாப்ஸின் கசப்பு மெதுவாக வந்து நாக்கைத் துடைத்துவிட்டுப் போகிறது. அடுத்த வாய்க்கு நாக்கு தயாராக இருக்கிறது. இந்தச் சுத்தம்தான் லாகரின் பெருமை. அடியில் தங்கும் ஈஸ்ட் 10 டிகிரிக்குப் பக்கத்திலான குளிரில் மெதுவாகப் புளிக்கிறது. பிறகு உறைநிலைக்கு அருகே வாரக்கணக்கில் கிடந்து தெளிகிறது. பழ வாசனை, காரல் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

காப்பி வறுக்கிறவன் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை. நான் கொட்டையை இறக்குவது 210, 220 டிகிரியில். டுங்கெல்லுக்கு ஆதாரமான மியூனிக் மால்ட்டை அவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோவதில்லை. 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் பக்குவமாக உலர்த்துகிறார்கள். லைட் ரோஸ்ட் காப்பியில் கொட்டையின் சொந்த ருசி தெரிவதுபோல, இதில் தானியம் தெரிகிறது. கரிந்த வாடை துளியும் இல்லை. நிறத்தைக் கூட்ட நன்றாக வறுத்த மால்ட் கொஞ்சம் சேர்ப்பதுண்டு, அதுவும் சில சதவீதம்தான்.

பங்காளி கடைசி வாயைக் குடித்துவிட்டு, "தொண்டையில நிக்கவே மாட்டேங்குது, சொகமா எறங்குதுங்க" என்றார். இதைவிட நல்ல தீர்ப்பை எந்த நிபுணரும் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நேற்று பங்காளி போகும்போது கேட்டது மனதிலேயே இருக்கிறது. "இந்த மாதிரி நம்ம தண்ணியில ஆகுமா?"

ஆகும் என்றுதான் நினைக்கிறேன். மியூனிக் தண்ணீர் கார்பனேட் மிகுந்த கடினத் தண்ணீர். வெளிர் மால்ட்டைப் போட்டால் அங்கே கசப்பு கரடுமுரடாக வரும். கருமையான மால்ட்டில் இருக்கும் அமிலம் அந்தக் கார்பனேட்டைச் சமன் செய்துவிடும். அதனால் அந்த ஊருக்குக் கருப்பு பீர் பொருந்தியது. செக் நாட்டுப் பில்சனில் தண்ணீர் மிக மென்மை, பொன்னிற லாகர் 1842இல் அங்கே பிறந்ததில் வியப்பில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் கோயமுத்தூர்ச் சிறுவாணித் தண்ணீர் வெளிர் பீருக்கு. பங்காளி ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுக்கும் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதில் உப்பு மட்டும் அதிகம் இல்லாமல் இருந்தால் டுங்கெல்லுக்குத் தோதானது. காப்பிக்கு அதை நான் கிட்டேயே சேர்ப்பதில்லை.

நமக்குத் தடை வெயில்தான். பவேரியாவிலேயே 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், கோடையில் கெட்டுப்போகும் என்று. குளிர்காலத்தில் காய்ச்சியதைக் குன்றைக் குடைந்த நிலவறைகளில் ஐஸோடு வைத்துக் காத்தார்கள். 1870களில் கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செய்த பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது. மஞ்சள் லாகர் உலகத்தைப் பிடிக்கும் முன்னால் பவேரியாவில் லாகர் என்றால் கருப்புதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாப்பாட்டோடு குடித்துப் பார்க்க வேண்டும் என்று பள்ளிபாளையம் சிக்கன் செய்யச் சொன்னேன். காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பத்தையும் தாராளம். கசப்பு மிகுந்த பீர் காரத்தைக் கிளப்பிவிடும், இந்த மால்ட் இனிப்பு அதை இழுத்துப் பிடித்தது. சிவந்த தேங்காய்ப் பத்தையைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தால் இரண்டின் வறுபட்ட ருசியும் ஒன்றாகிவிடுகிறது. வீட்டில் அம்மணி மோந்து பார்த்து, "பேக்கரியில பன் எடுக்கற நேரத்து வாசம்" என்றாள். சரியான வார்த்தை. கொள்ளுப் பருப்போடு சேரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மச்சான் ஈரோடு வந்தார், மிச்சமிருந்ததை இருவருமாக முடித்தோம். ரொட்டி மணம் கொஞ்சம் மங்கித் தேன் வாடை ஏறியிருந்தது. சின்ன ப்ரூவரிச் சரக்கைச் சூடுபடுத்திக் கிருமி நீக்குவதில்லை, வந்தவுடன் குடிப்பதுதான் அதற்கு மரியாதை.

அடுத்த ஜனவரிக்குச் சொல்லி வைத்துவிட்டேன்: ஒரே வகையில் நாலு வேண்டாம். இரண்டு டுங்கெல், இரண்டு ஷ்வார்ட்ஸ்பியர். அது ஜெர்மனியின் துரிங்கியா பக்கத்துக் கருப்பு லாகர் வகை, இன்னும் கருப்பு, இனிப்பு குறைவு, காப்பிச் சாயல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பாட் கோஸ்ட்ரிட்ஸ் என்ற ஊரில் 1543 முதல் காய்ச்சுகிறார்கள். இரண்டையும் 10 டிகிரியில் பக்கம் பக்கமாக ஊற்ற வேண்டும். பங்காளி அதற்கு இப்போதே நாள் கேட்கிறார்.