படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் கார்

கல்லூரியில் படிக்கும்போதே பழைய கார் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளே, என் ஓட்டு மாருதி ஆல்ட்டோவுக்கோ வேகன் ஆருக்கோதான், ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு, உதிரிபாகமும் மலிவு. காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்னாலேயே போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். சென்னை வண்டி என்றால் கால்மிதி விரிப்பைத் தூக்கி, அடியில் துருவோ வெள்ளம் புகுந்த சேற்று வாடையோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்புறம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். அதில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், வங்கி தரும் தடையில்லாச் சான்றான என்ஓசியும், ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றிவிடுங்கள், இன்சூரன்ஸிலும்தான்.