ஏஜென்ட்ஸ் கோப்பில் கத்தரிக்கோல்

கோட் எழுதித் தரும் ஏஐயான கோடிங் ஏஜென்ட்டுக்காக எழுதி வைத்திருந்த ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற குறிப்புக் கோப்பை இன்று உட்கார்ந்து வெட்டினேன். ‘சுத்தமான கோட் எழுதவும்’ என்று ஒரு வரி. அழுக்காக எழுது என்று யாராவது சொல்வார்களா? ஆனால் ஒவ்வொரு செஷனிலும் இதுவும் ஏறி உட்கார்ந்து டோக்கனை (ஏஐ படிக்கும் சொல்துண்டுகளை) தின்கிறது.

என் சோதனை ஒன்றுதான்: வரியை எடுத்துவிட்டு அதே வேலையை மறுபடி கொடுப்பது. ஒரு தடவை போதாது, கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு மாதிரி செய்யும் ஆசாமி அந்த ஏஜென்ட். வித்தியாசமே தெரியாவிட்டால் வரி காலி. டெஸ்ட் ஓட்டும் கட்டளையும், ‘மைக்ரேஷன் ஃபோல்டரில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்புகள்) கை வைக்காதே’யும் தப்பித்தன.

இதைவிட மோசம் பழைய வரிகள். லைப்ரரிகளை நிறுவ நாங்கள் என்பிஎம்மை விட்டு பிஎன்பிஎம் என்ற கருவிக்கு மாறி மாதக்கணக்காகிறது, கோப்பில் இன்னும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’. மனிதன் என்றால் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பான். இது நம்பி ஓட்டிவிட்டு, லைப்ரரிகளின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல் இன்னொன்றையும் கமிட் பண்ணி வைத்திருந்தது.