‘சும்மா கிடக்கும்’ செம்மண்ணில் மூன்று நாள்

கைப்பேசியின் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்தால், காரைக்குடிக்கு வடக்கே கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களின் நேர்க்கோட்டுத் தெருக்களும் ஓட்டுக் கூரைகளும் முடிந்த கையோடு ஒரு செந்நிறப் பரப்பு தொடங்கிவிடுகிறது. அதில் வேலி தெரியாது, வீடு தெரியாது. ஆங்காங்கே கருவைப் புதர்களும், சதுரமாகவும் பிறை வடிவிலும் சில நீர்நிலைகளும் மட்டுமே தெரியும். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு இடம் கிடக்கிறதே, ஏன் இதுவரை எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை?” என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நானும், “ஆமாம், சும்மாதான் கிடக்கிறது” என்று சொல்லிவிட்டேன். அந்தச் ‘சும்மா’வைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இந்தப் பயணக் கட்டுரையை எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த மறுவாரம் ஐந்து பேர் ஐந்து மோட்டார் சைக்கிள்களில் போவதென்று முடிவு செய்து, புல்லட்காரர் தவிர நால்வர் முதலில் புறப்பட்டோம். மூன்று ஹிமாலயன், ஒரு எக்ஸ்பல்ஸ், சைலன்சர் மாற்றிய பழைய புல்லட் ஒன்று. திருச்சி, புதுக்கோட்டை வழியாக வந்து, 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய திருமயம் கோட்டையில் ஒரு மணி நேரம் இளைப்பாறிவிட்டு, பள்ளத்தூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரை மாலையில் அடைந்தோம். சித்தப்பாவின் தென்னந்தோப்பில் கூடாரம் அடிப்பதென்று ஏற்பாடு. தோப்பு அவருடையதுதான் என்றாலும், வெளியூர் ஆட்கள் இரவு தங்குகிறார்கள் என்பதால் ஊர்த் தலைவரான அம்பலத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும்படி சித்தப்பா என்னை அனுப்பினார். அம்பலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சத்தம் இல்லாம இருங்கப்பா” என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவே அது மீறப்பட்டது. வேலை முடித்துத் தாமதமாகக் கிளம்பிய புல்லட்காரர் பதினொரு மணிக்கு மேல் ஊருக்குள் நுழைந்தபோது, தெரு நாய்கள் அத்தனையும் அவர் பின்னால் ஓடி வந்தன. தோப்புக்கு அடுத்த தொழுவத்தில் கட்டியிருந்த பசுவொன்று மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. கம்பெனி பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது ரசனை சார்ந்த விஷயம் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை அதன் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. ஒலி மாசு வரம்பை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 190(2) பிரிவின்படி முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ, கூடவே உரிமத் தகுதி இழப்பும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. அந்தப் புல்லட் தெருமுனையில் கியர் மாற்றியபோது எழுந்த ஓசை எத்தனை டெசிபல் என்பதை அளக்க எங்களிடம் கருவி ஏதும் இல்லை. பசு அளந்து சொல்லிவிட்டது.

அன்றிரவு எனக்குக் கலிஃபோர்னியா நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சியரா நெவாடா மலைச் சாரலில் அந்நாட்டு வனத்துறையின் பொது முகாமொன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம். நுழைவாயிலில் ஆள் இல்லை. ஒரு பலகையும், கட்டணத்தை உறையிலிட்டுப் போடுவதற்கு ஓர் இரும்புப் பெட்டியும் மட்டும் இருந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி காக்க வேண்டும். முகாமுக்குள் மோட்டார் வண்டியை வருவதற்கும் போவதற்கும் தவிர வேறெதற்கும் ஓட்டக் கூடாது, அதாவது பொழுது போகவில்லை என்று வட்டமடிக்கக் கூடாது. காட்டுத் தடங்களில் ஓட்டும் மோட்டார் வண்டிகளின் சைலன்சரில் தீப்பொறி வெளியேறாதபடி தடுப்பு பொருத்தியிருக்க வேண்டும். 1986-லும் அதற்குப் பின்னும் தயாரானவை 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. தடத்தில் இறங்கிய பிறகு, எஞ்சின் வைத்திருப்பவர் எல்லோருக்கும் வழிவிட வேண்டும். குதிரை எதிர்ப்பட்டால் நின்று, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, மனிதக் குரலில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். குதிரைக்கு ஹெல்மெட் போட்ட உருவம் மனிதன் என்று தெரியாது. வரிசையாக வருபவர்கள் தமக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை விரல்களால் காட்டுவார்கள். கடைசி ஆள் மூடிய முட்டியைக் காட்டுவார். இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், நாங்கள் தங்கிய இரண்டாம் இரவில் பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் பத்தரை மணிக்கு மேலும் நான்கு சக்கர வண்டியில் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும், எது தவறு என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் இல்லை.

மறுநாள் காலையில் நால்வரும் கேட்க, இதையெல்லாம் சொல்லி, விரல் சைகையை மட்டும் நாமும் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். அது ஒரு மணி நேரத்திலேயே பயன்பட்டது. செம்மண் வண்டிப்பாதையில் இரண்டு இளைஞர்கள் கயிறு பிடிக்க, திமில் உயர்ந்த மஞ்சுவிரட்டுக் காளையொன்று எதிரே வந்தது. தை மாதத்தில் சிறாவயல் பக்கம் மட்டுமல்ல, இந்த வட்டாரம் முழுவதும் காளைகளுக்கு நடைப்பயிற்சியும் நீச்சலும் நடந்துகொண்டே இருக்கும். முன்னால் வந்த இளைஞர் கையை உயர்த்தினார். நான் எஞ்சினை அணைத்து, நான்கு விரல்களைக் காட்டினேன். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. காளையைப் பாதையை விட்டு இறக்கி, ஒரு பனை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். “தலைக்கவசத்தக் கழட்டுங்கண்ணே, அதான் பாக்குது” என்றார். அமெரிக்கக் குதிரைக்குச் சொல்லப்பட்ட விதியைச் செட்டிநாட்டுக் காளைக்காகக் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்தது. கவசத்தைக் கழற்றியதும் காளை முறைப்பதும் நின்றுவிட்டது.

அங்கிருந்து அரை மைல் தாண்டியபோது தவறு நடந்தது. தவறு எங்களுடையது, அதிலும் முக்கியமாக என்னுடையது, ஏனென்றால் ஊர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கண்மாய் நிறைந்து கிடந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து அதிக நாள் ஆகாததால், கரையின் மண்ணில் ஈரம் இருந்தது. எங்களில் இளையவரான எக்ஸ்பல்ஸ்காரர், தண்ணீர் பின்னணியில் ஒரு படம் எடுப்பதற்காக, வயல் பக்கத்துச் சரிவிலிருந்து நேரே கரைமேல் வண்டியை ஏற்றினார். பாதி ஏற்றத்தில் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழன்றது; அவர் த்ராட்டிலைக் குறைப்பதற்குப் பதிலாக இன்னும் முறுக்கினார்; கட்டை வைத்த டயர் புல்லோடு மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஒரு வழியாக மேலே ஏறியது. படம் நன்றாகவே வந்தது. நான் தடுக்கவில்லை என்பதோடு, அதை எடுத்துக் கொடுத்தவனும் நானே.

மடைப் பக்கமிருந்து மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி ஊர் நீர்ப்பாய்ச்சி வந்தார். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைத் தீர்மானிப்பவர். கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை; தடத்தின் அருகில் குந்தி, விரலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். ஒரு சாண் இருந்தது. பிறகு கையிலிருந்த தூக்குவாளியில் கண்மாய்த் தண்ணீரை மொண்டு வந்து, தடத்தின் தலைப்பில் மெதுவாக ஊற்றினார். புல் மூடிய கரையில் ஊற்றியிருந்தால் அது பரவி ஊறியிருக்கும். இங்கே அது தடத்துக்குள் ஒன்றாகக் கூடி, டயரின் கட்டைகள் பதிந்த குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கணம் தயங்கி, அடுத்த கணம் அந்தக் குழியின் விளிம்பைக் கரைத்துக்கொண்டு, சிவப்புக் குழம்பாக வயல் பக்கம் இறங்கியது. ஒரு வாளித் தண்ணீர் ஓடி முடித்தபோது தடத்தின் அடிப்பகுதி இன்னும் ஒரு விரல் அளவு ஆழமாகியிருந்தது.

“தம்பி, இது ரோடு இல்ல. எங்க தண்ணிக்குச் சுவரு” என்றார். “கோடை மழை ஒண்ணு ஊத்துச்சுன்னா இது வழியா வாய்க்கால் வெட்டிக்கும். கதிரு முத்துற நேரத்துல தண்ணி போச்சுன்னா யாரக் கேக்கிறது?”

இளையவர், தனியார் நிலம் இல்லையே என்று தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார். உண்மைதான், தனியார் நிலம் அல்ல. தமிழ்நாட்டில் நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஆனால் யாருடைய தனிச்சொத்தும் அல்லாதது யாருக்கும் பொறுப்பில்லாதது என்று நாம் எப்படியோ பொருள் கொண்டுவிட்டோம். ‘ஆஃப்-ரோடு’ என்றால் சட்டத்துக்கும் வெளியே என்ற எண்ணமும் அப்படிப்பட்டதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(34) பிரிவு, தார்ச்சாலை என்றில்லாமல், பொதுமக்களுக்குச் செல்லும் உரிமையுள்ள எந்த இடத்தையும் ‘பொது இடம்’ என்கிறது. கரைப் பாதையிலும் உரிமம், காப்பீடு, பதிவு எல்லாம் வேண்டும். முந்தைய நாள் மாலை, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் “ஒரு ரவுண்டு குடுங்கண்ணே” என்று கேட்டபோது எங்களில் ஒருவர் சாவியை நீட்டியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சித்தப்பா பார்த்துத் தடுத்தார். 199A பிரிவின்படி, சிறாரின் கையில் வண்டி சென்றால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு.

அன்று பிற்பகல் முழுவதும் கரையில் கழிந்தது. கண்மாயின் உள்வாயில் கண்ட இடத்தில் மண்ணெடுக்க அவர் விடவில்லை. அவர் காட்டிய இடத்தில் வெட்டி, சட்டிகளில் சுமந்து வந்து, தடத்தில் அரை அடிக்கு ஓர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால், உள்ளே பொக்கு விழுந்து பழைய தடத்தைவிட மோசமாகிவிடும் என்றார். கடைசியில் அருகம்புல் பத்தைகளை வேரோடு பெயர்த்து நெருக்கமாகப் பதித்தோம். வண்டி ஏறியதற்கு ஆன நேரம் ஆறேழு விநாடி இருக்கும். ஐந்து பேர் சேர்ந்து அதை அடைப்பதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

இடித்துக்கொண்டிருந்தபோது அவர் கையை நீட்டிக் காட்டியதைத்தான் நான் சிறுவயதிலேயே அறிந்திருக்க வேண்டும். நாங்கள் ‘சும்மா கிடக்கிறது’ என்று எண்ணிய செம்பரப்பு முழுவதும் ஒரு சரிவு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில் விழும் மழை, முழங்கால் ஆழம்கூட இல்லாத வரத்துக்கால்களில் கூடி, ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகிறது. ஆறு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லாத செட்டிநாட்டில், கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கும், தெருத் தண்ணீரை ஊருணிக்கும் அனுப்பும்படியாக ஊர்களையே அமைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்ட வாகான பள்ளம் என்று அன்று காலை நாங்கள் குதூகலமாக இறங்கி ஏறியது அப்படிப்பட்ட ஒரு வரத்துக்கால். சக்கரத்தடம் அதன் ஓரத்தை உடைத்தால் தண்ணீர் திசைமாறி ஊருணிக்கு வராமல் போகும். வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெயோ தவறாமல் ஊருணிக்கு வந்து சேரும். அமெரிக்காவில் 1972-ல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணையும், காட்டு வண்டித் தடங்களை மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் சேதம் குறைவாக இருக்கும் இடங்களில் மட்டுமே அமைக்க வேண்டும் என்கிறது. அங்கே அதை ஆணையாக எழுதி, வரைபடம் அச்சிட்டு, பலகை நட்டிருக்கிறார்கள். இங்கே நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். பயணத் திட்டம் போடும்போது அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாக வேட்டங்குடிக்குச் சென்றோம். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரத்து மண்பாதையை நிறைத்திருந்தார்கள். காவடி சுமந்து வெறுங்காலில் நடப்பவர்கள்மேல் புழுதி படாதிருக்க, தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை, ஹாரன் அடிப்பதில்லை என்று சொல்லிவைத்து ஊர்ந்தே போனோம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களும் அதில் அடங்கும். நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டியிருக்கும் காலத்தில் மிரளக் கூடாது என்று, அக்கிராமத்தார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. புல்லட்காரர் வண்டியை வெகு தொலைவில், பிரதான சாலையிலேயே நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து வந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கடைசி நாள் காலை ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஊருணிக்கரை வந்ததும், வரத்துக்கால் குறுக்கிடும் இடத்திலிருந்து எஞ்சினை அணைத்து, ஐவரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பெரும்பாலும் இருநூறு கிலோவுக்கு நெருக்கமான வண்டிகளைச் செம்மண்ணில் தள்ளுவது லேசான காரியம் அல்ல, வியர்த்துக் கொட்டியது. படித்துறையில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நிமிர்ந்து, எங்களை வரிசையாகப் பார்த்து முடித்தார்.

“ஏப்பா, அஞ்சு வண்டியும் ஒண்ணாவா ரிப்பேராகிப் போச்சு?”

“ஆமாம் ஆச்சி” என்றார் இளையவர்.