பிஎச்டி புதுசா சேர்ந்த தம்பி, தங்கைகளுக்கு

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலோ அதன் கல்லூரிகளிலோ பதிவு செய்தவர்களே, யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. கோர்ஸ்வொர்க்கும் (ஆரம்பத்தில் படிக்கும் பாடங்கள்) அதற்குள்தான். முதல் ஆண்டை வெறும் வாசிப்பிலேயே கரைத்துவிடாதீர்கள்.

ஒரு கட்டுரை படித்தால் அன்றைக்கே ஐந்து வரி எழுதுங்கள்: கேள்வி என்ன, எந்த முறை, எத்தனை மாதிரி, என்ன கிடைத்தது, எங்கே இடிக்கிறது. சொந்த நடையில். அப்படியே ஒட்டி வைத்த வரி இரண்டு வருடம் கழித்து நாமே எழுதியது போலத் தெரியும். நேராக அத்தியாயத்துக்குள் போய் உட்காரும், நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சோதனையில் மாட்டும். மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டி 40 வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தித் திரும்பத் தரவேண்டும் (யுஜிசி 2018 விதி).

மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் ஒழுங்காக வைக்கும் ஜோடெரோ மென்பொருள் இலவசம், முதல் வாரமே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம்மூர் இனிஷியலைக் கண்டால் அதற்குக் குழப்பம். ஆசிரியர் பெயரை ஒருமுறை கையால் சரிபார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டில் களப்பணி என்றால் காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தலைப்பு முடிவானதுமே விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் பருவமே போய்விடும். பூ அடுத்த வருஷம்தான். குறிப்பெல்லாம் பென்சிலில். மாதிரி வைக்கும் ஆல்கஹால் புட்டிக்குள் பால்பாயின்ட் சீட்டைப் போட்டால் மை கரைந்து, எந்த மாதிரி எந்த இடத்தது என்றே தெரியாது. மலை இறங்கும் முன் நோட்டுப் பக்கங்களைப் போனில் படமெடுத்துவிடுங்கள்.

கைடு வாயால் சொன்னதை அன்று மாலையே மெயிலில் சுருக்கமாக அனுப்புங்கள்: "ஐயா, இன்று முடிவானவை இவை." டாக்டோரல் கமிட்டியில் (ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் குழு) கேள்வி வந்தால் அந்த மெயில்தான் கைகொடுக்கும்.