தொகுத்தறி அனுமானத் தாள்: ஆவுளியாவை வைத்து ஒரு கணக்கு

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கமிருந்து முதுகலைக் கணினி அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: தொகுத்தறி அனுமானத்தின் (‘பொதுவாக இப்படி’ என்ற விதிகளிலிருந்து முடிவெடுக்கும் முறையின்) பண்புகளை மனப்பாடம் செய்யுமுன் ஒரு சின்ன விதித்தொகுப்பைக் கையால் போட்டுப் பாருங்கள். பாடநூல்களில் விதிவிலக்குக்கு உதாரணமாகப் பென்குயின் வரும். நமக்கு ஆவுளியா (கடற்பசு) போதும்.

விதிகள் நான்கு. கடலுயிர் பொதுவாகச் செவுளால் மூச்சுவிடும். கடலுயிர் பொதுவாக நீந்தும். ஆவுளியா கடலுயிர். ஆவுளியா செவுளால் மூச்சுவிடாது.

முதலில் அடுக்குப் பிரிக்க வேண்டும். ஒரு விதி நிறைவேறி, மற்ற எந்த விதியும் மீறப்படாத நிலை (எது உண்மை, எது பொய் என்ற ஒரு சேர்க்கை) ஒன்று கிடைத்தால் அந்த விதி 0-ஆம் அடுக்கு. முதல் இரண்டுக்கும் சாதாரண மீனே சாட்சி. ஆவுளியா விதிகளுக்கு அப்படி ஒரு நிலை கிடைக்காது, அவை 1-ஆம் அடுக்கு. ஜூடியா பேர்ல் 1990-இல் தந்த சிஸ்டம் இசட் முறையில், ஒரு நிலை மீறும் விதிகளுள் உயர்ந்த அடுக்கோடு 1 கூட்டினால் அதன் தரம். எதையும் மீறாவிட்டால் 0. செவுளில்லாமல் நீந்தும் ஆவுளியாவுக்கு 1, செவுளுள்ளதற்கு 2. தரம் குறைந்ததே இயல்பானது என்பதால் ‘செவுளில்லை’ என்ற முடிவு கிடைக்கிறது.

ஆவுளியா நீந்துமா என்ற கேள்வியில்தான் மதிப்பெண் போகும். நீந்தாத, செவுளில்லாத ஆவுளியாவின் தரமும் 1தான்! உயர்ந்த அடுக்கு மட்டுமே எண்ணப்படுகிறது, மீறிய விதிகள் எத்தனை என்பது அல்ல. ஆகவே எந்த முடிவும் வராது. கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ‘நீந்தும்’ என எழுதிவிடாதீர்கள். கேட்கப்படுவது விதிகளிலிருந்து என்ன வரும் என்பது மட்டுமே. லேமன் 1995-இல் தந்த லெக்சிகோகிராஃபிக் முறை அடுக்குக்குள் மீறல்களை எண்ணும். அங்கே நீந்தும் ஆவுளியாவின் ஒரு மீறலுக்கு எதிராக நீந்தாததற்கு இரண்டு, ஆகவே ஆவுளியா நீந்தும்.

பண்புகளில் அதிகம் குழப்புவது இரண்டு. ‘அ-விலிருந்து ஆ, இ இரண்டும் வந்தால், அ-வும் ஆ-வும் சேர்ந்தாலும் இ வரும்’ என்பது காஷியஸ் மோனோடனி. இது சிஸ்டம் பி-யில் (System P, இத்தகைய அனுமானத்துக்கான அடிப்படைப் பண்புகளின் தொகுப்பு) உண்டு. ராஷனல் மோனோடனிக்கு ஆ வரவேண்டியதில்லை, ‘ஆ அல்ல’ என்பது வராமலிருந்தால் போதும். இந்த இரட்டை மறுப்பை ‘ஆ வரும்’ என்று படித்தால் நிரூபணமே தவறாகிவிடும். வேறுபாட்டைக் காட்ட ‘இரவில் பிடிபட்ட கடலுயிர் நீந்துமா?’ என்று கேளுங்கள். சிஸ்டம் பி-யில் வராது, ராஷனல் மோனோடனி உள்ள சிஸ்டம் இசட்டில் வரும்.

விடைத்தாளில் தர அட்டவணையை முழுதாகப் போடுங்கள். மாறிகள் 4, நிலைகள் 16. ‘இரவு’ சேர்த்தால் 32.