தள்ளினால் திறக்க வேண்டும்

உள்ளரங்கம் ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இன்று கூடைப்பந்து, நாளை இசை நிகழ்ச்சி, அடுத்த வாரம் குத்துச்சண்டை. யார் யார் இங்கே ஆடினார்கள், பாடினார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டடத்தின் வரலாறாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது கதவுகளில் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே 14 வாயில்களுக்கும் போய், கதவின் குறுக்குக் கம்பியை இடுப்பால் தள்ளிப் பார்ப்பேன். கையால் தள்ளிப் பார்த்துப் பயனில்லை. நெரிசலில் சிக்கியவருக்குக் கையைத் தூக்க இடம் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்த நிகழ்ச்சி. ஏழாவது வாயிலைத் தள்ளினேன். கதவு விரற்கடை அளவு நகர்ந்து நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால், கைப்பிடிகளைச் சேர்த்துச் சங்கிலி, அதில் எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகாத புதுப் பூட்டு. டிக்கெட் இல்லாதவர்கள் அந்த வழியாக நுழைகிறார்கள் என்று பொறுப்பாளர் போடச் சொல்லியிருந்தார். “ஒரு கதவுதானே சார், இன்னும் 13 இருக்கிறதே” என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். அதுதான் என்னைக் கலங்க வைத்தது. 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா மண்டபத்தில் பொம்மை கொடுக்கிறார்கள் என்று மாடியிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள்; வரிசையாக டிக்கெட் பார்க்கத்தான் என்று கருதப்படுகிறது. 183 பிள்ளைகள் இறந்தார்கள். 1903இல் சிகாகோவின் இரோக்வாய் நாடக அரங்கு எரிந்தபோது 600 பேருக்கு மேல் மாண்டார்கள். திறந்து ஆறு வாரம்கூட ஆகாத அரங்கு. தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மேல்மாடிக்காரர்கள் விலை கூடிய இருக்கைக்கு இறங்கி வந்துவிடக்கூடாது என்று படிக்கட்டுகளில் இரும்புக் கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். எல்லாம் டிக்கெட்டுக்காக.

அன்று அந்த நாடகத்துக்குப் போகவிருந்த கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர், வேலை குறுக்கிட்டதால் போகவில்லை. அவர் பின்னர் மற்றவர்களுடன் சேர்ந்து 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தாழ்தான், தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பி. நான் தினமும் இடுப்பால் தள்ளுவது அதன் வாரிசைத்தான்.

பழங்காலத்தவர் இதை அறியாதவர்கள் அல்லர். ரோமாபுரியின் கொலோசியம் அரங்கில் 80 வளைவு வாயில்கள். அவற்றில் 76க்குப் பொதுமக்களுக்கான எண் பொறித்திருந்தார்கள். சில எண்கள் இன்றும் கல்லில் தெரிகின்றன. கூட்டத்தை உள்ளே விடும் அதே வழிகளில் வெளியே கொட்டிவிடும் கட்டடம் அது.

பொறுப்பாளரிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். 1971இல் ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு, 1973இல் பிரிட்டனில் ஒரு பாதுகாப்புக் கையேடு வந்தது. அதன் பிந்தைய பதிப்புகள் தரும் அளவு இது: படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 66 பேர், எல்லோரும் வெளியேற அதிகபட்சம் எட்டு நிமிடம். எங்கள் ஏழாவது வாயில் படிக்கட்டு 1.2 மீட்டர். அப்படியானால் அந்த ஒரு கதவு 630 பேருடையது. “அந்த 630 பேரை எந்தக் கதவுக்கு அனுப்பட்டும்?” என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. சாவியைத் தேடினோம். பூட்டியவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார், சாவி அவர் சட்டைப் பையில். இரும்பு வெட்டும் பெரிய கத்தரியால் சங்கிலியை வெட்டினோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஏழாவது வாயிலில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றேன். தூங்கும் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக ஒருவர் வந்தார். இரு கைகளும் குழந்தையைப் பிடித்திருந்ததால், கதவை இடுப்பால் தள்ளினார். ஆறு நிமிடம் நாற்பது வினாடி.